எண்மகஜே: முந்திரிக் குன்றுகளில் மிஞ்சிய நஞ்சு

காசர்கோடு நகரிலிருந்து கிழக்கே பதியடுக்கா வழியாகப் பெர்லாவுக்குப் போகும் பேருந்து ஏறியும் இறங்கியும்தான் ஓடுகிறது. ஒரு குன்றின் உச்சிக்கு வந்தால் செம்பாறை மண்ணும் முந்திரி மரங்களும். அடுத்த இறக்கத்தில் பாக்குத் தோப்பு, வாழை, மிளகுக்கொடி, நடுவே ஓட்டு வீடுகள். கடைப் பெயர்ப்பலகைகளில் மலையாளமும் கன்னடமும் அடுத்தடுத்து இருக்கின்றன. பேருந்தில் துளு கேட்கிறது. கொங்கணியும் மராட்டியும் பேசுவோர் உண்டு. ஏழு மொழிகள் கலந்த மண் என்று இந்த மாவட்டத்தைச் சொல்வார்கள். கேரளத்தின் வடகோடி இது. பெர்லாவைத் தாண்டிச் சற்று தூரம் போனால் கர்நாடகம் வந்துவிடும்.

பெர்லாதான் எண்மகஜே ஊராட்சியின் கடைத்தெரு. இந்த ஊராட்சிக்குள் பட்ரே, வாணிநகர், சுவர்க்கா என்று சிற்றூர்கள் குன்றுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. சுவர்க்கா என்றால் சொர்க்கம்தான். பச்சையும் நீரும் நிறைந்த அந்த இடத்துக்கு முன்னோர் வைத்த பெயர் அது. ஆனால் கடந்த 25 ஆண்டுகளாக இந்த ஊர்களின் பெயர் செய்தித்தாள்களில் வந்ததெல்லாம் ஒரு பூச்சிமருந்தோடு சேர்த்துத்தான். அந்த மருந்து எண்டோசல்பான்.

தமிழ்நாட்டில் கடலூர், அரியலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் முந்திரி வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இந்த ஊர் அந்நியமானதல்ல. அங்கே வந்த அதே பூச்சிதான் இங்கேயும் வருகிறது. இங்கேயும் கொட்டகை மூலையில் பழைய மருந்து பாட்டில்கள் கிடக்கின்றன.

குன்றின் மேல் தோட்டம், அடியில் கிணறு

இந்தப் பகுதியின் நிலஅமைப்பைப் புரிந்துகொண்டால்தான் நடந்தது புரியும். குன்றுகளின் தலைப்பகுதி செம்பாறை. வெட்டியெடுத்துக் காயவைத்தால் வீடு கட்டும் கல்லாகிவிடும். மேலே மண் குறைவு. முந்திரியைத் தவிர வேறு எதுவும் எளிதில் வராது. அடிவாரத்தில்தான் மண்ணும் ஈரமும். அதனால் மக்கள் வீடு, பாக்குத் தோப்பு, மாட்டுக்கொட்டில் எல்லாவற்றையும் பள்ளத்தில் வைத்துக்கொண்டார்கள்.

இங்கே தண்ணீர் எடுக்கும் முறையும் தனி. கிணறு கீழ்நோக்கி வெட்டுவதற்குப் பதிலாக, குன்றின் வயிற்றில் படுக்கைவாட்டில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு குகையைக் குடைகிறார்கள். இதற்குச் சுரங்கம் என்று பெயர். செம்பாறை பஞ்சு போல மழைநீரைக் குடித்து வைத்திருக்கும். அந்த நீர் குகையின் கூரையிலும் சுவரிலும் கசிந்து, தரையில் மெல்லிய வாய்க்காலாக ஓடி, வெளியே உள்ள தொட்டியில் விழும். மோட்டார் வேண்டாம், கரன்ட் வேண்டாம். ஆயிரக்கணக்கான சுரங்கங்கள் இந்த மாவட்டத்தில் உள்ளன. பல குடும்பங்களுக்குக் குடிக்கவும் குளிக்கவும் பாக்குக்குப் பாய்ச்சவும் அதுதான் ஆதாரம்.

குன்றின் உச்சியில் விழுவது எதுவானாலும் ஒருநாள் அடிவாரத்துத் தொட்டிக்கு வந்து சேரும் என்பதுதான் இதன் பொருள். மழைநீருக்கு அது வரம். அந்த உச்சியில்தான் பல ஆண்டுகள் மருந்து தெளிக்கப்பட்டது.

தேயிலைக் கொசு

1960-களில் கேரள வேளாண்மைத் துறை இந்தக் குன்றுகளில் முந்திரி நடத் தொடங்கியது. 1978-ல் தோட்டங்கள் அரசு நிறுவனமான கேரளத் தோட்டக் கழகத்தின் கைக்கு வந்தன. காசர்கோடு மாவட்டத்தில் மட்டும் சுமார் 4,600 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் 11,000-க்கு மேல். இடைவெளியே இல்லாமல் ஒரே பயிர்.

இப்படி ஒரே பயிராக நிற்கும் இடத்தில் அந்தப் பயிரின் பூச்சி பெருகாமல் இருக்காது. முந்திரிக்கு முதல் எதிரி தேயிலைக் கொசு. பெயரில்தான் கொசு, உண்மையில் இது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி வகை. செம்பழுப்பு உடல், கறுப்புத் தலை, முதுகில் குண்டூசி குத்தியதுபோல ஒரு நிமிர்ந்த முள். இதைப் பார்த்தால் அடையாளம் தவறாது. குஞ்சும் தாய்ப்பூச்சியும் தளிர், பூங்கொத்து, பிஞ்சு மூன்றையும் குத்திச் சாறு உறிஞ்சும். உமிழ்நீரில் உள்ள நஞ்சால் குத்திய இடம் முதலில் நீர் கோத்ததுபோலத் தெரிந்து, பிறகு கறுத்துவிடும். தளிர் காயும். பூங்கொத்து தீய்ந்ததுபோல் ஆகும். பிஞ்சு சுருங்கி உதிரும். தாக்குதல் கடுமையானால் தோட்டமே நெருப்புப் பட்டதுபோல் தோன்றும்.

மழை ஓய்ந்து தளிர் விடும் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கி, பூத்துப் பிஞ்சு பிடிக்கும் மாசி வரை இதன் ஆட்டம். அந்தக் காலத்தில் தளிர், பூ, பிஞ்சு என மூன்று பருவத்துக்கும் மூன்று முறை மருந்து என்பதுதான் எல்லா இடத்திலும் சொல்லப்பட்ட பரிந்துரை. அதில் தவறு காண முடியாது. அந்த மருந்து எப்படி, எங்கே, எத்தனை ஆண்டுகள் அடிக்கப்பட்டது என்பதில்தான் தவறு இருந்தது.

ஹெலிகாப்டர் வந்த காலம்

குன்றுச் சரிவில் 11,000 ஏக்கருக்கு ஆள் வைத்துத் தெளிப்பது செலவு. அதனால் 1970-களின் இறுதியிலிருந்து ஹெலிகாப்டர் வந்தது. ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை, 2000 வரை, இருபது ஆண்டுகளுக்கு மேல், பெரும்பாலும் ஒரே மருந்து.

வான்வழித் தெளிப்புக்கு விதிகள் உண்டு. மரத்தின் தலைக்கு மேலே சில மீட்டர் உயரத்தில்தான் பறக்க வேண்டும். நீர்நிலைகளை மூட வேண்டும். மக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். சமவெளித் தோட்டத்தில் இதைக் கடைப்பிடிக்கலாம். குன்றும் பள்ளமும் மாறி மாறி வரும் நிலத்தில் ஹெலிகாப்டர் தாழப் பறக்க முடியாது. உயரத்தில் இருந்து விட்ட மருந்துத் துளி காற்றில் மிதந்து பள்ளத்து வீட்டுக் கூரையிலும் பசுந்தீவனத்திலும் பாக்கு மட்டையிலும் இறங்கியது. கிணற்றுக்கு ஓலை போட்டு மூடலாம். குன்றுக்குள் ஊறிவரும் சுரங்க நீரையும் ஓடையையும் எதைப் போட்டு மூடுவது?

எண்டோசல்பான் குளோரின் சேர்ந்த பழைய வகை மருந்து. மண்ணில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் இருக்கும். சிதைந்த பிறகு உண்டாகும் எண்டோசல்பான் சல்பேட்டும் நஞ்சுதான். மீனுக்கு மிகச் சிறிய அளவே போதும். இன்ன பூச்சி என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கொல்லும். தெளித்த பிறகு தேனீ, தவளை, மீன் செத்துக் கிடந்ததை ஊர்மக்கள் முதலில் கண்டார்கள். முந்திரிக்கு மகரந்தச் சேர்க்கை செய்வதே தேனீயும் மற்ற பூச்சிகளும்தான். அந்த வகையில் விளைச்சலுக்கும் அது நட்டம்தான்.

1979-ம் ஆண்டிலேயே, கால் கோணலாகப் பிறந்த கன்றுக்குட்டிகளைப் பற்றி ஸ்ரீ பட்ரே எழுதினார். இவர் இந்த ஊர்க்காரர், பின்னாளில் கன்னடத்தில் வெளியாகும் பாக்கு விவசாயிகள் பத்திரிகையான ‘அடிகெ பத்ரிகெ’யின் ஆசிரியர், மழைநீர்ச் சேமிப்பைப் பற்றி எழுதிப் பெயர் பெற்றவர். மனிதருக்கு வருவதற்கு முன்பு மாட்டுக்கு வந்தது. அதை முதலில் கவனித்து எழுதியவர் விவசாயம் தெரிந்த ஒருவர்.

அடுத்து, வாணிநகரில் சிறு மருத்துவமனை வைத்திருந்த டாக்டர் ஒய்.எஸ்.மோகன குமார். தன்னிடம் வருவோரில் மூளை வளர்ச்சிக் குறை, வலிப்பு, பிறவிக் குறைபாடு, புற்றுநோய் ஆகியவை சில குன்றுகளைச் சுற்றியே கூடுதலாக இருப்பதைக் குறித்துவைத்து, 1990-களில் வெளியே சொல்லத் தொடங்கினார்.

மூன்றாவதாக, வேளாண்மைத் துறையிலேயே உதவியாளராகப் பெரியாவில் பணிபுரிந்த லீலாகுமாரி அம்மா. தன் வீட்டின் மேல் மருந்து விழுவதை நிறுத்தச் சொல்லி மனு மேல் மனு கொடுத்தார். பலன் இல்லை. 1998-ல் ஹோஸ்துர்க் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். 2000 அக்டோபரில் வான்வழித் தெளிப்புக்குக் கோர்ட் தடை விதித்தது. அந்தப் பெண்மணி மருந்து பரிந்துரைக்கும் துறையில் வேலை பார்த்தவர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தடை வந்தது, நிவாரணம் தாமதமானது

2001, 2002-ம் ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் பட்ரே பகுதியின் நீரிலும் மண்ணிலும் மனித ரத்தத்திலும் மருந்தின் எச்சத்தைக் காட்டின. எல்லா நோய்க்கும் இதுவே காரணமா என்று நிபுணர் குழுக்கள் பல ஆண்டுகள் வாதிட்டன. 2011 ஏப்ரலில், நீடித்து நிலைக்கும் நஞ்சுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் எண்டோசல்பானும் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு மே 13-ம் தேதி உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் இதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் இடைக்காலத் தடை விதித்தது.

பாதிக்கப்பட்டோர் பட்டியலில் கேரள அரசு 6,700-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்தது. தலா 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 மே மாதம் அதே நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது, நிவாரணத்துக்குரிய 3,704 பேரில் 8 பேருக்கு மட்டுமே பணம் போயிருந்தது தெரியவந்தது. நீதிமன்றம் கண்டித்த பிறகே வேகம் பிடித்தது.

பெர்லாவுக்குப் போகும் வழியில் உக்கினடுக்காவில் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி வளாகம் இருக்கிறது. 2013-ல் அடிக்கல் நாட்டியது. பல ஆண்டுகள் கட்டடமாகவே நின்றது. பெர்லாவில், மற்ற பள்ளிகளுக்குப் போக முடியாத பிள்ளைகளுக்காக ‘பட்ஸ்’ என்ற சிறப்புப் பள்ளி உண்டு. பிள்ளைகளில் பலர் தாயின் இடுப்பை விட்டு இறங்காதவர்கள். அந்தத் தாய்மாருக்குத் தாங்கள் போன பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பதுதான் பெரிய கவலை.

கிடங்கில் நின்ற பேரல்கள்

தெளிப்பது நின்றது, தடையும் வந்தது. ஆனால் வாங்கி வைத்திருந்த மருந்து? விவசாயிகள் கவனிக்க வேண்டிய பாடம் இங்கேதான் இருக்கிறது.

பெரியா, ராஜபுரம், சீமேனி ஆகிய இடங்களில் தோட்டக் கழகத்தின் கிடங்குகளில் ஆயிரம் லிட்டருக்கும் மேல் எண்டோசல்பான் தங்கிவிட்டது. தகரப் பேரல்கள் ஆண்டுக்கணக்கில் நின்று துருப்பிடித்தன, கசியத் தொடங்கின. 2012-ல் ‘ஆபரேஷன் பிளாசம் ஸ்பிரிங்’ என்று பெயரிட்டு, பாதுகாப்பு உடையும் முகமூடியும் அணிந்த ஆட்கள், அந்த மருந்தைத் தடித்த பிளாஸ்டிக் பேரல்களுக்கு மாற்றினார்கள். அது தற்காலிக ஏற்பாடுதான். பத்தாண்டு கடந்தும் அந்தப் பேரல்கள் கிடங்கிலேயே நின்றன. இருக்கும் இடத்திலேயே ரசாயன முறையில் செயலிழக்கச் செய்யலாம் என்ற யோசனை எழுந்தபோது சுற்றியிருந்த மக்கள் ஒப்பவில்லை. வெளியே கொண்டுபோகலாம் என்றால் எந்த ஊர் ஏற்கும் என்ற கேள்வி வந்தது.

ஏன் இவ்வளவு தயக்கம்? குளோரின் சேர்ந்த மருந்தைச் சாதாரண நெருப்பில் எரித்தால் அது அழியாது. புகையில் டையாக்சின் போன்ற, அதைவிடக் கொடிய நஞ்சு உண்டாகும். 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமும், புகையைக் கழுவிச் சுத்தம் செய்யும் ஏற்பாடும் உள்ள எரிஉலையில்தான் இதை அழிக்க முடியும். மண்ணில் கொட்டினால் நிலத்தடி நீர். ஓடையில் கொட்டினால் அடுத்த ஊர்.

இதைவிட வருத்தமான கதை மிஞ்சின்படவு என்ற இடத்தில். கேரள, கர்நாடக எல்லையில் உள்ள இந்தத் தோட்டப் பகுதியில், பயன்படாத ஒரு கிணற்றில் மிச்ச மருந்தைப் போட்டுப் புதைத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பசுமைத் தீர்ப்பாயம் வழக்கை எடுத்துக்கொண்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினர் வந்து மண், நீர் மாதிரிகள் எடுத்துப் போனார்கள். உண்மை எதுவானாலும், அந்தக் கிணற்றுக்குக் கீழே இருக்கும் இரண்டு மாநில ஊர்களும் ஒவ்வொரு மழைக்கும் சந்தேகத்தோடு தண்ணீர் குடித்தன என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு பேரல் மருந்தைத் தெளிக்க ஒரு காலைப்பொழுது போதும். தெளிக்காமல் மிஞ்சிய ஒரு பேரலை ஒழிக்கப் பத்தாண்டு போதவில்லை. வாங்கும்போதே இதை யோசித்திருக்க வேண்டும்.

மருந்தைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. காசர்கோட்டுக்குப் பக்கத்தில் கர்நாடகத்தின் புத்தூரில் மத்திய அரசின் முந்திரி ஆராய்ச்சி இயக்ககம் இருக்கிறது. நம் ஊரில் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் முந்திரிக்காகவே வேலை செய்கிறது. இந்த நிலையங்களின் அனுபவத்தைச் சுருக்கினால் முதலில் வருவது ஒன்றுதான்: நாள் பார்த்து அடிக்காதீர்கள், பூச்சியைப் பார்த்து அடியுங்கள்.

தளிர் விடத் தொடங்கியதும் வாரம் ஒருமுறை காலையில் தோட்டத்தைச் சுற்ற வேண்டும். ஏக்கருக்குப் பத்து மரம் போல அங்கங்கே தேர்ந்து, மரத்தின் நான்கு பக்கமும் தளிரையும் பூங்கொத்தையும் பார்க்க வேண்டும். புதிய கறுப்புப் புள்ளி நூற்றுக்கு ஐந்து தளிருக்குக் கீழே இருந்தால் மருந்துக்கு அவசரமில்லை. பழைய புள்ளி காய்ந்து பழுப்பாக இருக்கும். புதியது ஈரம் காயாமல் கறுப்பாக இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் பழைய காயத்துக்கு மருந்து அடிப்பவர்கள் நிறைய.

இரண்டாவது, முசுறு. மரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு. மலையாளத்தில் நீறு என்பார்கள். இது உள்ள மரத்தில் தேயிலைக் கொசு தங்குவது மிகவும் குறைவு. மாவில் பறிப்பவரைக் கடிக்கும் என்பதால் இதைப் பலரும் அழிப்பார்கள். முந்திரியில் அந்தத் தொந்தரவு குறைவு; கொட்டையைத் தரையில் விழுந்த பிறகுதானே பொறுக்குகிறோம்? கூடு உள்ள மரத்திலிருந்து பக்கத்து மரத்துக்குக் கயிறு கட்டிவிட்டால் எறும்பு தானே பரவும். எறும்பு உள்ள மரத்துக்கு மருந்து அடிக்கக் கூடாது. அடித்தால் காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதைதான்.

மூன்றாவது, தேயிலைக் கொசு முந்திரியில் மட்டும் வாழ்வதில்லை. வேம்பு, கொய்யா, கோகோ ஆகியவற்றின் தளிரிலும் இருக்கும். தோட்ட ஓரத்து வேம்பின் கொழுந்து நுனி கருகினால் அதையும் கவனிக்க வேண்டும். வேம்பை வெட்டச் சொல்லவில்லை. அங்கே பூச்சி ஏறுவதைப் பார்த்து முந்திரிக்குத் தயாராகலாம்.

நான்காவது, கவாத்து. நெருங்கிக் கோத்துக்கொண்டு இருளடைந்த தோப்பு இந்தப் பூச்சிக்குப் பிடித்த வீடு. அறுவடை முடிந்ததும் காய்ந்த கிளை, உள்கிளைகளை நீக்கி வெயில் விழச் செய்தால் பூச்சியும் குறையும், காய்ப்பும் கூடும்.

இத்தனைக்குப் பிறகும் தாக்குதல் கூடினால் மருந்துதான். முந்திரிக்கு இப்போது பரிந்துரையில் உள்ளவற்றில் ஒன்று லேம்டா சைஹாலோத்ரின் 5 ஈ.சி.; ஒரு லிட்டர் தண்ணீருக்கு 0.6 மி.லி. அடுத்த முறை வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும். முந்திரிப் பூ காலையில் விரியும். தேனீ அப்போதுதான் வரும். ஆகவே பூப்பருவத்தில் தெளிப்பதானால் மாலையில்தான். தாக்குதல் உள்ள மரங்களுக்கு மட்டும் அடித்தால் போதும். மருந்துக்கடையில், ‘அண்ணே, எதுக்கும் இன்னொரு தடவை அடிச்சிடுங்க’ என்று தம்பி சொல்வார். தோட்டத்தைப் பார்த்தவர் நீங்கள்தான்.

நம் கொட்டகையில் இருப்பது

பெரியாவில் பேரல்; நம் வீட்டில் பாட்டில். அளவுதான் வேறு. எத்தனையோ கொட்டகைகளின் பரணில் கால் பாட்டில், அரைப் பாட்டில் மருந்து, லேபிள் கிழிந்து, பெயர் தெரியாமல் கிடக்கிறது. அதில் 2011-ல் தடையான எண்டோசல்பானும் இருக்கலாம். பிறகு தடையான மோனோகுரோட்டோபாஸும் இருக்கலாம். பிள்ளைகள் எடுத்துவிடலாம். இருட்டில் எண்ணெய் என்று எடுத்துவிடலாம். வீட்டில் ஒரு சண்டை, ஒரு மனவேதனை வரும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அது இருப்பதே குடும்பத்துக்கு ஆபத்து. ஆத்திரம் ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும்; பூட்டிய பெட்டி அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்கும்.

காலி டப்பாவின் கதையும் அப்படித்தான். வாய்க்கால் மேட்டில் வீசுகிறார்கள். பழைய இரும்புக்காரருக்குப் போடுகிறார்கள். கழுவிவிட்டு மண்ணெண்ணெய், விதை, சிலர் தண்ணீர்கூட வைக்கிறார்கள். குப்பையோடு கொளுத்துகிறார்கள். 1971-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள், மிச்ச மருந்தும் காலிக் கலனும் கழுவிய நீரும் நீர்நிலையைக் கெடுக்காதபடி ஒழிக்கப்பட வேண்டும், கலனை மறுபடி பயன்படுத்த விடக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டன. 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பூச்சிமருந்து டப்பாவை ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று தனியாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. ஆனால் பிரித்து வைத்ததை வாங்கிப் போகும் ஏற்பாடு பெரும்பாலான கிராமங்களில் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொழிற்சாலைகளின் அபாயக் கழிவுகளுக்கென்று பொது மையம் இருக்கிறது. அங்கே ஆலையின் கழிவு போகிறது. நம் வாய்க்கால் மேட்டு டப்பா போவதில்லை.

இது முடியாத காரியமல்ல. பிரேசில் நாட்டில் 2000-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. விவசாயி டப்பாவை மூன்று முறை கழுவி, வாங்கிய ஓராண்டுக்குள் திருப்பித் தர வேண்டும். எங்கே தர வேண்டும் என்பதைக் கடைக்காரர் பில்லிலேயே எழுத வேண்டும். வாங்கி மறுசுழற்சி செய்வதோ எரிஉலைக்கு அனுப்புவதோ மருந்து நிறுவனங்களின் பொறுப்பு. இன்று அங்கே மருந்து நேரடியாகப் படும் பிளாஸ்டிக் கலன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்பி வருகின்றன. கிராம சபையில் நாமும் இதைக் கேட்கலாம்: ஊராட்சிக்கு ஒரு பூட்டிய அறை, ஆண்டுக்கு இருமுறை ஒரு வண்டி.

அதுவரை நம் கையில் உள்ளவை:

1. வாங்கும் முன் அளவு பாருங்கள். ஸ்பிரேயரில் வெறும் தண்ணீர் ஊற்றி, ஒரு டேங்குக்கு எத்தனை மரம் ஆகிறது என்று தெளித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கணக்குக்கு மட்டும் மருந்து வாங்குங்கள். பெரிய பாட்டில் மலிவு என்று வாங்கினால் மிச்சம் பரணுக்குத்தான் போகும். பில்லை வாங்கி வையுங்கள்.

2. லேபிளில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றாலும் நஞ்சுதான்.

3. பாட்டில் காலியானதும் ஸ்பிரேயருக்குள் அரை நிமிடம் கவிழ்த்துப் பிடியுங்கள். பிறகு கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் ஸ்பிரேயரிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. காசு கொடுத்து வாங்கிய மருந்து பயிருக்குப் போகும், பாட்டிலும் சுத்தமாகும். கையுறை அவசியம்.

4. கழுவியதும் அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாது. கோணியில் கட்டி, பூட்டிய இடத்தில் தனியாக வையுங்கள். எரிக்க வேண்டாம், பழைய இரும்புக்காரருக்குப் போட வேண்டாம்.

5. ஸ்பிரேயரைக் குளத்திலோ, வாய்க்காலிலோ, அடிபம்பு அருகிலோ கழுவாதீர்கள். கலக்கிய மருந்து மிஞ்சினால் தெளிக்காத மரத்தில் அடித்துத் தீருங்கள். கழுவிய நீரைத் தோட்டத்துக்குள்ளேயே, கிணற்றுக்கு எட்டாத இடத்தில் பரவலாக ஊற்றுங்கள்.

6. பழைய மருந்து, பெயர் தெரியாத மருந்து இருந்தால் திறக்காதீர்கள். வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள். கிணற்றிலோ குழியிலோ கொட்டாதீர்கள். கசிவு இருந்தால் பாட்டிலோடு ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்துச் சுற்றிலும் மணலோ மரத்தூளோ போட்டு மூடி, வெளியே ‘நஞ்சு’ என்று எழுதிப் பூட்டுங்கள். வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் எழுத்தில் தெரிவியுங்கள். ஒரே ஊரில் பத்துப் பேர் சேர்ந்து எழுதினால் அந்தக் கடிதத்துக்கு எடை கூடும்.

மாலைப் பேருந்து

மாசி, பங்குனியில் போனால் எண்மகஜேயின் குன்றுகளில் முந்திரிப்பழ வாசனை மூக்கைத் துளைக்கும். மரத்தடியில் பெண்கள் குனிந்து கொட்டை பொறுக்குகிறார்கள். மருந்து நின்று இத்தனை ஆண்டுகளாகியும் முந்திரி காய்க்காமல் போகவில்லை. தேனீ திரும்பி வந்திருக்கிறது. சுரங்க வாயில் உள்ள தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பாக்குக்குப் பாய்ச்சுகிறார்கள், குடிக்கவும் செய்கிறார்கள்.

பெர்லா கடைத்தெருவில் மாலைப் பேருந்துக்கு நிற்கும்போது, சிறப்புப் பள்ளியின் வண்டி பிள்ளைகளை வீட்டில் விடப் புறப்படுகிறது. ஒவ்வொரு இறக்கத்திலும் ஒரு தாய் சாலைக்கு வந்து காத்து நிற்கிறார். வளர்ந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பாக்குத் தோப்புக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் வீட்டுக்குப் போகிறார்.